முதல் தெருக் குழாயைப் பத்தி நான் கேக்கவே இல்ல

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஆவணி மாசம் நடந்தது இது. எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. தங்கச்சியக் கட்டிக் குடுத்திருக்குறது ராஜபாளையத்தத் தாண்டி, சேத்தூர் போற பாதையில இருக்குற ஒரு ஊர்ல. ஊர்ப் பேரு வேண்டாம். சொன்னா, யாரு வீட்டுக் கதைன்னு அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிருவாக.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஏங்கிக் கிடந்த பொறவு அப்பத்தான் அவ உண்டாயிருந்தா. அது அஞ்சாம் மாசம். அஞ்சாம் மாசத்துல பொண்ணு வீட்டுல இருந்து அஞ்சு வகைச் சோறு ஆக்கிக் கொண்டு போயி, மாப்பிள்ளை வீட்டுச் சனத்தோட உக்காந்து சாப்புடுறது எங்க வீட்டு வழக்கம். எங்கம்மா விடியுறதுக்கு முந்தியே எந்திரிச்சு புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சஞ்சோறுன்னு ஆக்கி இறக்கிட்டாங்க. தூக்குச்சட்டிகள வேன்ல ஏத்திக்கிட்டு, நாங்க சந்தோஷமாத்தான் கிளம்புனோம். அன்னைக்கு நான் சோத்த மட்டும் பரிமாறிட்டு, பேசாம வாயப் பொத்திக்கிட்டு வந்திருக்கலாம்.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிருதேன். ராஜபாளையத்துல தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல எனக்கு வேலை. ஊர் ஊரா வர்ற தண்ணியில மருந்து இருக்கா இல்லையான்னு பாக்குறது. மருந்துன்னா குளோரின்தான், பிளீச்சிங் பவுடர்ல இருக்குறது. சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணியப் பிடிச்சு ரெண்டு சொட்டு விட்டா, குளோரின் இருந்தா இளமஞ்சளா மாறும். இல்லைன்னா பச்சத்தண்ணி பச்சத்தண்ணியாவே நிக்கும். மத்த பொம்பளைங்க ஹேண்ட்பேக்ல பவுடரும் சீப்பும் வச்சிருப்பாங்க. எம்பேக்ல இந்தக் குழாயும் சொட்டு மருந்துப் பாட்டிலும் கிடக்கும். எங்க போனாலும் எடுத்துப் பாக்காட்டா எனக்குக் கை அரிக்கும். கூடவே வாயும் கொஞ்சம் நீளம். "ஒனக்கு நாக்குல எலும்பு இல்லட்டி"ன்னு எங்கம்மா திட்டாத நாள் கிடையாது.

தங்கச்சி மாப்பிள்ளை எனக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னால ரெண்டு தடவை யோசிப்பாரு. ராஜபாளையம் மில்லுல மதிய ஷிப்ட். அதோட ஊர் டேங்க்குக்கு மோட்டார் போடுறதும், காலையில வால்வைத் திறந்து விடுறதும் அவர் பொறுப்புதான். அந்த வேலையில அவருக்கு ரொம்பப் பெருமை. காலையில தெருவுல நடந்து வந்தார்னா, "என்ன, தண்ணி வந்துருச்சா?"ன்னு கேட்டு நிக்காத வீடு கிடையாது.

சனம் கூடிப் போனதால, சாப்பாட்டக் கடைசித் தெருவுல இருக்குற சமுதாயக் கூடத்துல வச்சிருந்தாங்க. தங்கச்சி வீடு டேங்க்க ஒட்டி முதல் தெருவுல. கடைசித் தெரு ஊரோட மறு கோடியில, கண்மாய்ப் பக்கம் பள்ளத்துல இருக்கு.

எல்லாரும் பந்தியில உக்காந்தாச்சு. தங்கச்சியோட மாமியார் ஒரு சொம்பு தண்ணியக் கொண்டாந்து எங்கம்மாகிட்ட நீட்டி, "குடிச்சுப் பாருங்க மதினி, எங்க ஊர்த் தண்ணி எப்பிடி இனிக்குதுன்னு. மலையில இருந்து எறங்குற தண்ணியில்லா, இதுக்கு மருந்தே வேண்டாம்"னாங்க. அந்த அம்மா அத ஆசையாத்தான் சொன்னாங்க. எங்க பக்கம் யாரு வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான், அவங்கவங்க ஊர்த் தண்ணி அவங்கவங்களுக்குத் தேன்.

நான் சும்மா இருந்தேனா? கூடத்துக் குழாய்ல தண்ணியப் பிடிச்சு, எல்லாரும் பாக்கச் சொட்ட விட்டேன். மஞ்சள் வரல. ஒரு பொட்டு நிறம்கூட மாறல. கண்ணாடிக் குழாயத் தூக்கிப் பிடிச்சு, பந்திக்கே கேக்குற மாதிரி சொன்னேன்.

"மருந்து போட்டேன், மருந்து போட்டேங்காரே ஒங்க ஆபரேட்டரு. தண்ணியில போட்டாரா, இல்ல தூரப் போட்டாரா?"

கூடமே கொல்லுன்னு சிரிச்சுச்சு. பாயாச வாளியோட நின்ன மாப்பிள்ளையும் சிரிக்கத்தான் பாத்தாரு, அவரால முடியல. வாளியக் கீழ வச்சுட்டு வெளிய போனவரு, நாங்க கிளம்புற வரைக்கும் உள்ள வரல. தங்கச்சி மட்டும் எங்கையப் பிடிச்சு, "போக்கா, அவியள ஏன் இப்பிடி ஓட்டுத"ன்னா. அவளும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. அந்த டேங்க்க அவரு எப்பிடி நெப்புவாருன்னு எனக்கு முன்னாலயே தெரியும். மில்லுக்குப் போறதுக்கு முந்தி, மதியமே மோட்டாரப் போட்டு ஒரே மூச்சுல டேங்க்க விளிம்பு வரைக்கும் முட்ட நெப்பி, பவுடரக் கரைச்சு ஊத்திட்டுப் போயிருவாரு. தண்ணி திறக்குறது மறுநாள் காலையில. அது வரைக்கும் தண்ணி டேங்க்குலயே கிடக்கும். கிடக்கக் கிடக்க மருந்தோட வீரியம் போயிரும். பக்கத்துல இருக்குற முதல் தெருவுக்கு ஏதோ கொஞ்சம் மருந்தோட போகும். குழாய்லயே ஊர்ந்து ஊர்ந்து கடைசித் தெருவுக்குப் போறப்ப ஒண்ணுமே மிஞ்சாது.

இதுக்கு வழியும் எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. ஒரே மூச்சுல நெப்பாம, முந்தின நாள் பாதி, காலையில திறக்குறதுக்கு முன்னால மீதின்னு ரெண்டு தவணையா மோட்டார் போடணும். மருந்தையும் ரெண்டாப் பிரிச்சுப் போடணும். அப்பத் தண்ணி ரொம்ப நேரம் கிடக்காது, முதல் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும் மருந்து ஏறக்குறைய ஒரே அளவாப் போய்ச் சேரும். எங்க ஆபீஸ்காரங்க ஒண்ணு ரெண்டு ஊர்ல இப்பிடி மாத்துனப்ப நானே கூட நின்னு பாத்திருக்கேன். அன்னைக்கு அவரத் தனியாக் கூப்பிட்டு இத நாலு வார்த்தையில சொல்லியிருக்கலாம். சொல்லணும்னு தோணவே இல்லியே எனக்கு. எல்லாரும் சிரிச்ச சந்தோஷத்துல வேன்ல ஏறிட்டேன்.

நாங்க வந்த பொறவு ஊருக்குள்ள பேச்சு நிக்கல. "என்னப்பா, இன்னைக்கு மருந்து தண்ணியிலயா தூரவா?"ன்னு டீக்கடையில கேக்காத ஆள் இல்லையாம். பஞ்சாயத்துல கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. இதெல்லாம் தங்கச்சி ஃபோன்ல சொன்னப்பவும் நான் பெருசா எடுத்துக்கல. "நல்லதுதான, இனியாவது ஒழுங்காப் போடுவாரு"ன்னேன்.

கொஞ்ச நாள்ல மாப்பிள்ளையே எனக்கு ஃபோன் பண்ணுனாரு. அவரு எனக்கு ஃபோன் பண்றது அதிசயம். "மதினி, அந்தச் சொட்டு மருந்து எங்க கிடைக்கும்?"னு கேட்டாரு. நானே ஒரு செட்டு வாங்கி, அவரு ஷிப்ட்டுக்கு வர்ற நேரம் பாத்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல வச்சுக் குடுத்தேன். எப்பிடிப் பாக்கணும்னு காட்டியும் குடுத்தேன். கவனமாக் கேட்டுக்கிட்டாரு.

"கடைசித் தெருவுல மஞ்சள் வரணும். அம்புட்டுத்தான மதினி?"

அந்த நேரம் பாத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு கிளம்பிருச்சு. சீட்டு கிடைக்குமான்னு எனக்குக் கவலை. "அம்புட்டுத்தான் தம்பி"ன்னு சொல்லிட்டு ஓடிப் போயி ஏறிட்டேன். அடுத்த பஸ்ஸு செத்த நேரத்துல வரும், அந்த ரோட்டுல பஸ்ஸுக்கு என்ன பஞ்சம்? அத விட்டுட்டு நின்னு பேசியிருந்தா எங்குடி முழுகியா போயிருக்கும்? இப்ப அந்த பஸ் ஸ்டாண்டுல கால் வைக்குறப்பல்லாம் இது நெஞ்சுல வந்து நிக்குது.

அவரு என்ன செஞ்சாருன்னா, மோட்டார் போடுறத மாத்தல. பழையபடி மதியமே ஒரே மூச்சுல நெப்புனாரு. கடைசித் தெருவுல மஞ்சள் வர்ற வரைக்கும் பவுடர மட்டும் கூட்டிக்கிட்டே போனாரு. வேற என்ன செய்வாரு? நான் காட்டிக் குடுத்தது அது ஒண்ணுதான.

ஒருநாள் காலையில எம்ஃபோனுக்கு ஒரு ஃபோட்டோ வந்துச்சு. கடைசித் தெருக் கூடத்துக் குழாய், பக்கத்துல அவரு கை, கையில கண்ணாடிக் குழாய். உள்ள நல்ல மஞ்சள். "மதினி, வந்துருச்சு"ன்னு கீழ எழுதியிருந்தாரு. நான் "சபாஷ் தம்பி"ன்னு போட்டு, கட்டை விரலையும் தூக்கிக் காட்டுனேன். அதுல இருந்து தினம் காலையில ஒரு ஃபோட்டோ வரும். நானும் தினம் ஒரு கட்டை விரல்.

வருஷக்கணக்கா இதே வேலை பாக்குற எனக்கு அந்த மஞ்சளப் பாத்ததும் உறைச்சிருக்கணும். கடைசித் தெருவுலயே இப்பிடித் திக்கா இருந்தா, டேங்க்க ஒட்டி இருக்குற முதல் தெருவுல எம்புட்டு இருக்கும்? அங்க யாரு வாயில வைப்பா அந்தத் தண்ணிய? அந்த முதல் தெருவுல இருக்குறது எந்தங்கச்சி, அதுவும் வாயும் வயிறுமா. "முதல் தெருக் குழாய்ல பாத்தீங்களா தம்பி?"ன்னு ஒரு வரி கேட்டிருந்தாப் போதும்.

தங்கச்சியே ஒருநாள் சொன்னா. "யக்கா, தண்ணியில ஒரே மருந்து வாடை. சோறு வாடை, காப்பி வாடை, பல்லு வெளக்குனாக்கூடக் குமட்டுது. குடிக்கவே முடியல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒம் புருஷன் இப்பத்தாம்ட்டி ஒழுங்கா வேலை பாக்குறாரு. மசக்கைக்காரி மூக்குக்கு எல்லாம்தான் வாடை அடிக்கும். மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடி"ன்னேன். சொல்லிட்டு நானே சிரிக்கவும் செஞ்சேன்.

அவளால முடியல. அந்தத் தெருவுல முக்காவாசிப் பேரால முடியல. புள்ளத்தாச்சி நாக்கு வறண்டு கெடக்காளேன்னு, அவ மாமியார் தினம் தோட்டத்துக் கிணத்துல இருந்து குடத்துல கொண்டாந்து குடுத்திருக்காங்க. வாடையில்லாத, இனிப்பான தண்ணி. அந்தத் தெருவுல மத்த வீட்டுக்காரங்களும் அங்கயே மொள்ள ஆரம்பிச்சிட்டாங்க. தங்கச்சி இத எங்கிட்ட சொல்லல, மறுபடி திட்டுவேன்னு பயம். மாப்பிள்ளை கிட்டயும் மூச்சு விடல. ஊர்ல அவ்வளவு கேலிப் பேச்சு கேட்டுட்டு, இப்பத்தான் நிமிந்து நடக்குறாரு, அவரு போடுற தண்ணிய நம்ம வீட்டுலயே குடிக்கலன்னு எப்பிடிச் சொல்றதுன்னு நெனச்சிருக்கா.

ஐப்பசி பிறந்து மழை பிடிச்சுச்சு. மழைத் தண்ணி கண்ட அசிங்கத்தையும் அடிச்சிக்கிட்டு ஓடையில வந்து, அந்தக் கிணத்துல எறங்கியிருக்கு. தண்ணியில நிறமும் மாறல, வாடையும் வரல. யாருக்குத் தெரியும்?

அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, வாந்தி வந்துச்சு. மாசமா இருக்குற பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும்னு நாலு நாள் விட்டுட்டாங்க. கண்ணு மஞ்சளானப்பத்தான் பதறிப் போயி ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாங்க. மஞ்சக்காமாலை. அந்தத் தெருவுலயே இன்னும் ஒண்ணு ரெண்டு பேருக்கு இருந்துச்சு, அவங்க பத்தியம் இருந்து எந்திரிச்சிட்டாங்க. வயித்துல பிள்ளையோட இருக்குறவங்களுக்கு இது பொல்லாததுன்னு சொல்லி, உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. "எந்தத் தண்ணிம்மா குடிச்ச?"ன்னு டாக்டரம்மா கேட்டப்ப, எந்தங்கச்சி எங்க யாரையும் பாக்காம, "கிணத்துத் தண்ணி"ன்னா. நான் கட்டில் பக்கத்துலதான் நின்னேன்.

மதுரையில அவளக் காப்பாத்திட்டாங்க. பிள்ளையக் காப்பாத்த முடியல. பொம்பளைப் பிள்ளை. அவளுக்கு நெனவு வர்றதுக்கு முன்னாலயே எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒன்பதாம் மாச வளைகாப்புக்கு எடுத்து வச்ச பட்டுச்சேலைய எங்கம்மா இன்னும் பீரோவுல இருந்து எடுக்கல. எங்க யாருக்கும் அந்தப் பீரோவத் தொறக்கத் தைரியம் இல்ல.

ஆஸ்பத்திரி வராண்டாவுல மாப்பிள்ளை சுவத்துல சாஞ்சு, தரையில உக்காந்திருந்தாரு. எனக்குப் பக்கத்துல போகவே பயம். திட்டுவாரு, "ஒங்க வாயாலதான மதினி"ன்னு கேப்பாருன்னு நெனச்சேன். கேட்டா வாங்கிக்கிடணும்னு மனசத் தயார் பண்ணிக்கிட்டுத்தான் போனேன். அவரு அப்பிடிக் கேக்கவே இல்ல. ஃபோன எடுத்து, அந்த ஃபோட்டோக்கள ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளி எங்கிட்ட காட்டுனாரு.

"மஞ்சள் சரியாத்தான மதினி இருந்துச்சு? நீங்களும் பாத்தீங்கள்லா?"

நான் அவரு பக்கத்துல அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். "தப்பு எம்மேலதான் தம்பி, நான் ஒழுங்காச் சொல்லித் தரல"ன்னேன். அவரு ஃபோன அமத்திச் சட்டைப் பையில வச்சாரு. மனசுல என்ன நெனச்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

தங்கச்சி கொஞ்ச மாசம் எங்க வீட்டுல இருந்து உடம்பத் தேத்துனா. அவ திரும்பப் போறதுக்கு முந்தி, நான் ஒருநாள் காலையில தனியா அந்த ஊருக்குப் போனேன். மோட்டார் ரூம்ல மாப்பிள்ளையோட உக்காந்தேன். எத்தனை மணிக்குப் போடுறது, எவ்வளவு நெப்புறது, மருந்த எப்பிடிப் பிரிக்குறது, எல்லாத்தையும் அவருகிட்டக் கேட்டேன், எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். அவரே, "காலையில நான் எப்பிடியும் வால்வு திறக்க வாரேன், கொஞ்சம் முன்னால வந்து மோட்டாரப் போட்டா முடிஞ்சது"ன்னாரு. நாங்க பேசி முடிக்குறதுக்குள்ள, அவங்கம்மா குடுத்து விட்ட காப்பிகூட ஆறல. அவ்வளவு சின்ன வேலை. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்குறப்ப, ரோடுன்னும் பாக்காம அழுதேன்.

தங்கச்சி என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசுனது கிடையாது. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். ஒரே ஒரு தடவை, துணி மடிச்சிக்கிட்டு இருந்தப்ப, எம்மூஞ்சியப் பாக்காமச் சொன்னா.

"அன்னைக்குக் கூடத்துல நீ மட்டுமாக்கா சிரிச்ச? நானும்தான சிரிச்சேன். அவிய வெளிய போறதப் பாத்துக்கிட்டேதான் சிரிச்சேன்."

நான் மடிச்ச துணியவே திரும்பப் பிரிச்சு மடிச்சேன். அவளும் அப்பிடித்தான் செஞ்சுக்கிட்டிருந்தா.

மாப்பிள்ளை வேலைய விடல. விட்டுருவாருன்னு நான் பயந்தேன். இப்பவும் காலையில எம்ஃபோனுக்கு ஃபோட்டோ வருது, ஆனா ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு கடைசித் தெருக் கூடத்துக் குழாய். இன்னொண்ணு முதல் தெருவுல அவங்க வீட்டு வாசக் குழாய், அதுல கண்ணாடிக் குழாயப் பிடிச்சிருக்குறது என் தங்கச்சி கை. ரெண்டுலயும் ஒரே இளமஞ்சள். நான் இப்பல்லாம் கட்டை விரலத் தூக்குறது இல்ல. ஃபோன் பண்ணி, "தண்ணி வாடை இல்லாம இருக்கா, குடிச்சியா?"ன்னு அவகிட்டக் கேக்குறேன். "குடிச்சேன்க்கா, நல்லா இருக்கு"ங்கா.

ஆபீஸ்ல இன்னைக்கும் ஊர் ஊராத் தண்ணி வருது, சொட்டு விடுறேன், மஞ்சள் வரலைன்னா முதல்ல அந்த ஆபரேட்டரத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுறேன். எல்லாரும் என்னைப் பொறுமைசாலின்னு சொல்றாங்க. அந்தப் பொறுமை எனக்கு எந்த விலைக்கு வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. காலையில அந்த ரெண்டாவது ஃபோட்டோவத் திறக்குறப்பல்லாம், இத அன்னைக்கே நான் வாய் திறந்து கேட்டிருந்தா, தங்கச்சியோட அந்தக் கைய ஒரு சின்னக் கை பிடிச்சுத் தொங்கிக்கிட்டு நின்னிருக்குமேன்னுதான் மனசு அடிச்சுக்குது.